தாம்பாளத்துக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீர்

இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் செய்துகொண்ட என் கணவருக்காகத்தான் குளியலறையைப் புதிதாகக் கட்டினோம். எங்கள் நல்லம்பள்ளிப் பக்கம் வேலை முடிந்ததும் மேஸ்திரிக்குத் தாம்பாளத்தில் வேட்டி, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்போம். கொடுத்துவிட்டால் அப்புறம் குறை சொல்லிக் கூப்பிட முடியாது.

எங்கள் மேஸ்திரி வேலை முடிந்த அன்று காலையிலேயே ஹாலில் உட்கார்ந்துகொண்டு, "தட்ட எடுத்தாங்கக்கா, நேரமாவுது" என்று அவசரப்படுத்தினார். அந்த அவசரமே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒரு வாளித் தண்ணீரைக் குளியலறைத் தரையில் ஊற்றினேன். அது வெளியேறும் குழிக்குப் போகாமல் வாசலைத் தாண்டி வந்து அவர் காலை நனைத்தது. ஹாலில் வழவழ டைல்ஸ். வாக்கரோடு வரும் மனுஷன் விழுந்தால் மறுபடி ஆஸ்பத்திரிதான்.

"புதுசுங்கக்கா, பொழங்கப் பொழங்கச் சரியாயிடும்."

"தரை என்ன செருப்பா, பொழங்குனா சரியாவறதுக்கு? தண்ணி ஓடற வாட்டத்தையே தலைகீழா வச்சிருக்கீங்க."

கட்டிலில் இருந்து கணவர், "பாவம், குடுத்தனுப்பு" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. வுழப்போறது நீங்கதான்" என்றேன்.

தாம்பாளத்தை பீரோவில் வைத்துப் பூட்டினேன். "ஒடச்சிட்டு மறுபடி போடுங்க. தண்ணி குழிக்குப் போனாத்தான் வேட்டி."

முணுமுணுத்துக்கொண்டே போனவர் மறுநாளே ஆட்களோடு வந்தார். வேட்டி வாங்காமல் போன மேஸ்திரியை ஊரில் யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? டைல்ஸை உடைத்து, வாட்டம் சரிசெய்து, கடைசியில் அவரே வாளியை வாங்கி ஊற்றிக் காட்டினார். தண்ணீர் நேராகக் குழிக்குப் போனது. வேட்டியைக் கொடுத்தேன்.

இன்று என் கணவர் துணையில்லாமல் குளிக்கிறார். இப்போது தெருவில் யார் வீட்டில் வேலை முடிந்தாலும், தாம்பாளம் எடுப்பதற்கு முன் வாளியோடு நான் போய் நிற்கிறேன்.