அசுரனுக்கு நான் கொடுத்த குரல்

எனக்கு மூளை தொண்டையில் இருக்கிறது. அதுவும் பாதிதான் வேலை செய்கிறது. எங்கள் மேலாளரின் குரலில் பேசி லீவு வாங்கப் பார்த்து, அவரிடமே மாட்டிக்கொண்டவன் நான். ஹெப்பாள் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் என் கச்சேரி இல்லாத காலை கிடையாது.

பக்கத்து சீட்டில் ஃபிட்டர் அண்ணா உட்காருவார். ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். கன்னடம் பேசுவார், ஆனால் மேடைக் கன்னடம் அவருக்கு ஓடாது. சாமி பேரைச் சொல்லிக் கத்தி தூக்கும் ஒரு படையின் ஆட்கள் அவர் போனுக்குப் புராணக் கதைகளைக் கன்னட ஒலிப்பதிவாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "இதைக் கொஞ்சம் நம்ம பேச்சுல சொல்லுங்க தம்பி" என்று போனை நீட்டுவார். நானும் குரல் மாற்றி மாற்றிச் சொல்வேன்.

முதலில் வெறும் கதைதான். சின்ன வயதில் எல்லோரும் கேட்டது, யாருக்குச் சந்தேகம் வரும்? பிறகு மெல்ல அசுரனின் கிரீடம் போனது, கோரைப்பல் போனது. அவன் நம் ஊரிலேயே கடை வைத்திருந்தான். போர் இன்னும் முடியவில்லை, சேனையில் உனக்கொரு இடம் காலியாக இருக்கிறது என்று முடித்தார்கள். அது ஆள் சேர்ப்பு என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும் சொன்னேன், பஸ்ஸே கேட்டுக்கொண்டிருந்ததே. உண்மையில் அந்தப் பதிவுகள் உப்புச்சப்பற்றவை. உப்புப் போட்டவன் நான்.

கம்பெனி வாசலில் நாங்கள் டீ குடிக்கும் கடைக்காரருக்குச் சாமி வேறு. ஒருநாள் அவருடைய கரகரத்த குரலை அசுரனுக்குக் கொடுத்தேன். "வாங்க சார், வடை சூடா இருக்கு" என்று அசுரன் தேவர்களை அழைத்தான். பஸ்ஸே சிரிப்பில் குலுங்கியது. பதிவில் எந்தக் கடை என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அடையாளம் காட்டியது என் தொண்டை.

அந்த மாதமே கடை எரிந்தது. கடைக்காரர் உயிர் தப்பினார், இரண்டு கையும் வெந்துபோயின. பிடிபட்டவர்களில் அண்ணாவும் இருந்தார்; யார் மிஷின் நின்றாலும் தன் ஷிப்ட் முடிந்த பிறகும் இருந்து ஓடவைத்துவிட்டுப் போகிற மனிதர். போலீஸ் என்னையும் கூப்பிட்டு விசாரித்தது. கதைதானே சொன்னாய், போ என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

சிறைக்கு அவரைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பு, கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் முகத்தைக் கண்டதும் காணாமல் போனது. வந்தது ஒரு சாக்குதான்.

"அண்ணா, நான் சிரிக்கறதுக்குத்தானே சொன்னேன்."

"நான் சிரிக்கலீங்களே தம்பி."