சொந்தக்காரர்களைத் தோற்கடித்த நடுவர்

பெர்த்துக்கு அப்பால் நடுக்கடலில் இருக்கும் ஹோம் தீவில் நானூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறோம். எந்த வீட்டில் தொடங்கினாலும் நாலாவது வீட்டுக்குள் ஒரு உறவு வந்துவிடும். ஆனால் பெருநாள் படகுப் போட்டி நெருங்கினால் போதும், பாக் சல்மியாவுக்கும் தனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சொல்ல ஊரே தயாராகிவிடும்.

அவர்தான் பதினோரு வருடமாக நடுவர். எங்களிடம் முதல் பிள்ளை பிறந்ததும் ஆளின் சொந்தப் பெயர் போய்விடும். மகள் சல்மியா பிறந்த அன்று அவர் பாக் சல்மியா, அதாவது சல்மியாவின் அப்பா ஆனார்; மனைவி மாக் சல்மியா, சல்மியாவின் அம்மா ஆனார். போட்டி நாளில் வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் விசில் மாட்டி, இரண்டு கைகளிலும் கடிகாரம் கட்டிக்கொள்வார். ஒன்று பொய் சொன்னால் மற்றது சாட்சிக்கு வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்தின் முடிவில், நீதியாக நடக்கும்படி இறைவன் கட்டளையிடுகிறான் என்று இமாம் ஓதுவார். நான் சுற்றிய ஊர்களில் எல்லாம் அந்த இடத்தில் பாதிப் பேரின் கண் செருப்பைத் தேடப் போய்விடும். பாக் சல்மியா மட்டும் அந்த வரியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். போதாததற்கு, பெர்த்திலிருந்து வந்த, மார்க்கம் படித்த ஓர் ஆலிம், தன் பிள்ளைக்குச் சாதகமாக நீதிபதி தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று பேசிவிட்டுப் போனார். பாக் சல்மியாவுக்கு வழி பிறந்துவிட்டது.

அந்த வருடமே தம்பியின் படகு முதலில் வந்தது. கிளம்பும் விசில் ஊதுவதற்கு முன்பே படகுப் பாயின் நிழல் கோட்டைத் தாண்டிவிட்டது என்று சொல்லித் தள்ளிவிட்டார். "தம்பின்னுகூடப் பாக்கலையே மனுசன்" என்று ஊர் நெகிழ்ந்தது. அடுத்த வருடம் மச்சானின் படகைத் தள்ளினார். உறவு நெருங்க நெருங்கத் தீர்ப்பு கடுமையாகும் என்பது எங்களுக்குப் புரிந்தது. ஆகவே பெயர் கொடுக்க வருகிறவர்கள் உறவைக் கழற்றி வைத்துவிட்டு வரத் தொடங்கினார்கள்.

"எங்க பாட்டியும் உங்க பாட்டியும் அக்கா தங்கச்சிதான் பாக். ஆனா பேச்சுவார்த்தை கிடையாது" என்பான் ரஸிதீன்.

சல்மியாவால் அப்படிக் கழற்றி வைக்க முடியாது. அவர் பெயரே அவள்தான். இரண்டு வருடம் முதலில் வந்தாள், இரண்டு வருடமும் தள்ளப்பட்டாள். நாங்கள் கைதட்டினோம். தள்ளப்பட்டது எங்கள் பிள்ளை இல்லையே.

இந்த வருடம் ஜெயிக்கும் படகைப் பெருநிலத்தில் நடக்கும் ஃப்ரீமேண்டில் படகுத் திருவிழாவுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். சல்மியா நாலு மாதம் தன் படகின் அடிப்பலகையை இழைத்து, பச்சை வண்ணம் பூசினாள். கணவனும் அவளும்தான் ஓட்டப்போகிறார்கள். தன் கையால் செய்த படகு பெருநிலத்துத் தண்ணீரைத் தொட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவள் அந்த நாலு மாதம் பேசவில்லை.

பெருநாள் காலையில் மாக் சல்மியா கணவருக்குச் சோறு வைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த வருசமாவது கண்ணைத் திறந்து வச்சுப் பாருங்க."

"நான் நீதியைத்தான் பாப்பேன்."

"அது பக்கத்துலதான் உங்க மகளும் இருப்பா. ஒரு பார்வை அவளையும் பாத்துட்டு வாங்க."

ஏழு படகுகள் கிளம்பின. பச்சைப் படகு ரஸிதீனின் படகை ஒரு முழுப் படகு நீளம் பின்னால் விட்டுவிட்டுக் கரை தொட்டது. பாக் சல்மியா வலக்கைக் கடிகாரத்தைப் பார்த்தார், இடக்கைக் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார்.

"சல்மியா படகு வரும்போது வெயில் கண்ணுல அடிச்சுது. அதனால சந்தேகம் இருக்கு. சந்தேகம்னா என் வீட்டுக்கு எதிராத்தான் தீர்ப்பு. ரஸிதீன் ஜெயிச்சான்."

பழக்க தோஷத்தில் நாலு பேர் கைதட்டினார்கள். சல்மியா பாயைக்கூட இறக்காமல் படகிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ரஸிதீன் ஈரம் சொட்டச் சொட்ட மேலே வந்தான். "பாக், நாங்க தோத்துட்டோம்."

"உன்னை யாருடா கேட்டா?"

"அல்லாஹ் கேப்பான்ல. வழி முழுக்க அவ சுக்கானைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். அவ முன்னாடி போனாத்தானே எனக்குச் சுக்கான் தெரியும்?"

பாக் சல்மியா தடுமாறினார், ஆனால் விடவில்லை. "நீ எனக்கு என்ன முறை?"

"பாட்டிங்க அக்கா தங்கச்சி."

"பேச்சுவார்த்தை இல்லைன்னியே?"

"நேத்து மீன்கூடக் குடுத்தனுப்புனாங்க."

"அப்ப நீயும் சொந்தம். சொந்தத்துக்குச் சொந்தம் சொல்ற சாட்சி செல்லாது."

"அவளுக்கு ஆதரவா சொல்லல பாக். எனக்கு எதிராச் சொல்றேன்."

பாக் சல்மியா மறுபடியும் இரண்டு கடிகாரத்தையும் பார்த்தார். கரையில் பெருநாள் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இமாம் ஜக்காரியா தட்டைக் கீழே வைத்தார்.

"அந்த ஆலிம் சொன்னதுல பாதியத்தான் நீங்க கேட்டிருக்கீங்க. பிள்ளை வழக்குன்னா நீதிபதி எந்திரிச்சுப் போயிரணும். உக்காந்துக்கிட்டுப் பிள்ளையத் தோக்கடிக்கணும்னு யாரும் சொல்லல. உங்க பேரு நல்லாருக்க அவ உரிமைய எடுத்துக் குடுத்திருக்கீங்க. இதுவும் அநியாயம்தான்."

"இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

இமாம் கொஞ்சம் நெளிந்தார். "நான் உங்க மச்சானுக்குச் சம்பந்தி. சொன்னா, சொந்தக்காரன் பேசறான்னு சொல்லியிருப்பீங்க."

பாக் சல்மியா விசிலைக் கழற்றினார். அதை வாங்க உறவில்லாத ஒருவர் வேண்டும். கடைசியில், பெருநிலத்திலிருந்து வந்து மூன்றே வாரமான நர்ஸ் ஹெலனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவள் விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பச்சைப் படகுதான். இதுல என்ன கேள்வி?"

பெருநாள் வழக்கப்படி அன்று காலையில் ஊரே வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுக் கை பிடித்திருந்தது. பாக் சல்மியா மட்டும் எந்த வருடமும் யாரிடமும் கேட்டதில்லை. நீதியாக நடப்பவனுக்கு அது தேவைப்படாது என்று நினைத்திருந்தார் போல. இப்போது வெள்ளைச் சட்டையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகில் இருந்த மகளிடம் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"மூணு வருசத்துக்கும் மன்னிச்சிரும்மா."

சல்மியா கைகளைப் பற்றிக்கொண்டாள். "இந்த வருசத்துக்கு மன்னிச்சுட்டேன் பாக். மத்த ரெண்டையும் ஃப்ரீமேண்டில் போய்ட்டு வந்து பாக்கறேன்."



"அது நியாயந்தான்" என்று சொல்லிவிட்டு, பாக் சல்மியா பாயின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.