கறி போட்ட கை

டெல்ஃபீனா யெஸ்காஸின் மூக்கு இரண்டு முறை உடைந்தது. இரண்டு முறையும் ஆண்கள் சிறையில், காவலாளி உடுப்பில் இருந்தபோது. முதல் ஆள் இடப்பக்கம் தள்ளி உடைத்தான், இரண்டாம் ஆள் வலப்பக்கம் தள்ளி உடைத்தான், கணக்கு நேராகிவிட்டது என்பாள். புருஷனும் ஒரு தடவை கை ஓங்கிப் பார்த்தான். ஓங்கிய கை மாவுக்கட்டோடு யூமா ஊருக்கு பஸ் ஏறியது. மிச்ச ஆளும் கூடவே போனான்.

ஓய்வு பெற்றதும் டூசான் நகரத்தின் தெற்குக் கோடியில், கொல்லை பெரிதாக இருந்த ஒரு சின்ன வீட்டில் குடியேறினாள். செடி வைத்தாள். அந்தப் பாலைவன மண்ணில் பூக்கிறது எதுவும் முதலில் குத்தும், பிறகுதான் பூக்கும். அதனாலேயே அவளுக்குப் பிடித்தது. சுப்பரோசா மட்டும் சாது. முள் இல்லாத புதர், சிவப்புக் குழல் குழலாகப் பூ.

விடிந்ததும் பின்கட்டுக் கூரைக்குக் கீழே மர பெஞ்சில் காப்பியோடு உட்காருவாள். கள்ளிக்குருவி பக்கத்துக் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்தி உடைக்கும். முட்டையைப் பறிகொடுத்தவள் திரும்பி வந்து அதன் முதுகைக் கிழிப்பாள். டெல்ஃபீனா சத்தம் போட்டுச் சிரிப்பாள். மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த வெண்டல், கூரை போடும் வேலை பார்த்துக் கால் ஒடிந்தவன், அவனும் தன் காப்பியோடு மதிலில் முழங்கையை ஊன்றிக்கொள்வான். உன் பழைய சிறையே இதைவிட அமைதியாக இருந்திருக்கும் என்பான். அங்கே பூ இல்லையே என்பாள் அவள்.

குளிர்காலத்தில் ஒரு ரோட்ரன்னர் நொண்டிக்கொண்டு வந்தது. குயில் சாதிதான், ஆனால் பறக்கச் சொன்னால் கோபம் வரும், ஓடத்தான் பிடிக்கும். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் இதற்குக் கறி போடுவார்கள். டெல்ஃபீனாவும் கொத்திய மாட்டுக்கறியை உருட்டி பெஞ்சின் மேல் வைத்து, பலகையை இரண்டு தட்டு தட்டினாள். சில நாளில் தட்டுவதற்கு முன்பே வந்து நின்றது. கால் சரியானது. மார்பு திரண்டது. ஓணானைப் பிடித்துவந்து, செத்த பிறகும் விடாமல் செங்கல் விளிம்பில் அடி அடியென்று அடித்து அவள் முன்னாலேயே விழுங்கும். அவளுக்கு அதில் ஒரு பெருமை.

வசந்தத்தில் கூரைக்கடியில் தொங்கிய அலங்கார விளக்குச் சரத்தில், சரியாக பெஞ்சுக்கு மேலே, பூவில் தேன் குடிக்கும் கட்டைவிரல் அளவு ரீங்காரச்சிட்டு ஒன்று கூடு கட்டியது. சிலந்தி நூலும் பஞ்சும் சேர்ந்த பாதி முட்டை ஓடு மாதிரி ஒரு கூடு. உள்ளே இரண்டு குஞ்சு. காப்பிக்கொட்டைக்கு அலகு முளைத்தது போல. டெல்ஃபீனா அன்று முதல் மெதுவாகத் தும்மப் பழகினாள்.

அடுத்த வாரம் ரோட்ரன்னர், சிட்டுகளுக்காக அவள் தொங்கவிட்டிருந்த சர்க்கரைத் தண்ணீர் புட்டிக்குக் கீழே கல் மாதிரி அசையாமல் நின்று, குடிக்க வந்த ஆண் சிட்டு ஒன்றை எட்டிக் குதித்துப் பிடித்தது. வேர்க்கடலை உடைகிற சத்தம் கேட்டது. பிறகு பெஞ்சில் ஏறி, கறி எங்கே என்று அவளைப் பார்த்தது. அப்புறம் தலையைச் சாய்த்து மேலே பார்த்தது.

அவள் புட்டியைக் கழற்றினாள். கறியை நிறுத்தினாள். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாள், துடைப்பத்தால் விளாசினாள். அது நனைந்து, அடிபட்டு, மறுநாள் வந்து அலகால் கண்ணாடிக் கதவைத் தட்டியது. வெண்டல் சின்னத் துப்பாக்கியை மதில்மேல் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. இவனை வளர்த்தது நான், சுடுவது மட்டும் துப்பாக்கியா என்றாள்.

"அப்போ பெஞ்சயாவது தூக்கிப் போடு சார்ஜென்ட். அதுலதானே ஏறுது."

"காவல் நிக்கிற எடத்த விட்டு நா நகந்ததில்ல, கிழவா. நா உக்காந்திருந்தா எவன் வருவான்?"

வெயில் தகரத்தை உருக்கியது. பெஞ்சிலேயே உட்கார்ந்து, அங்கேயே சாப்பிட்டாள். ஆனால் ரோட்ரன்னருக்கு அது காவலாகத் தெரியவில்லை. அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்தால் கறி வரும். அது படித்த பாடம் அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் அவள் கண் ஒரு நொடி அயர்ந்தது. தொடையில் நகம் பட்டது, பிறகு தோளில், பிறகு தலையில். தலையையே படியாக்கி எம்பியது. கூடு கிழிந்து தொங்கியது. அது கீழே இறங்கும்போதே டெல்ஃபீனாவின் கை அதன் கழுத்தைப் பிடித்துவிட்டது.

அலகில் ஒரு குஞ்சு. ரோட்ரன்னர் கால் நகங்களால் அவள் மணிக்கட்டைக் கிழித்தது. ரத்தம் முழங்கை வரை ஓடியது. அவள் இறுக்கினாள்.

"திருகு, திருகிடு," என்றான் வெண்டல்.

முன்பு ஒரு முறை இப்படி ஒரு கழுத்தைப் பிடித்திருந்தாள். ஒல்லியான கைதி, கூட வேலை பார்த்தவளைக் குத்தியவன். அவன் எப்போதோ அடங்கிவிட்டான். அவள் கைதான் அடங்கவில்லை. மூன்று பேர் சேர்ந்து விரல்களைப் பிரித்தார்கள். அவன் பிழைத்தான், குரல் பிழைக்கவில்லை. இன்று பிரிக்க யாரும் இல்லை. வெண்டலுக்கு மதில் ஏறக் கால் கிடையாது.

கைக்குள் அந்தத் தொண்டை அடித்துக்கொண்டது. கறி கேட்டுத் துடித்த அதே தொண்டை.

விரல்களை அவளே ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அலகிலிருந்து குஞ்சை எடுத்தாள். செத்திருந்தது. பறவையை வெளிச் சுவருக்கு அப்பால், சந்துப் பக்கம், ஒரு மூட்டையை எறிவது போல எறிந்தாள்.

"ஏன் விட்ட?"

"பெஞ்ச போட்டது நானு. கறியப் போட்டது நானு. உக்காந்து கூப்ட்டதும் நானு. அவன் கழுத்து என்னடா பண்ணுச்சு?"

கோடாலியை எடுத்துவந்து பெஞ்சைப் பிளந்தாள். ரத்தக் கையோடு, ஆணி பறக்கப் பறக்க, சாய்மானம், கால், பலகை என்று எதையும் விடாமல் வெட்டினாள். கூட்டின் கிழிசலில் மீதிக் குஞ்சு தொங்காமல் இருக்க, ஏணியில் ஏறி, காயத்துக்கு ஒட்டும் நாடாவால் கூட்டை விளக்குச் சரத்தோடு சேர்த்துக் கட்டினாள். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காவலைக் கைவிட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள்.

ரோட்ரன்னர் வந்தது. தரையிலிருந்து குதித்தது, எட்டவில்லை. மறுபடி குதித்தது, விளக்கைக் கூடத் தொடவில்லை. பெஞ்சின் மரச் சிராய்களை அப்படியும் இப்படியும் சீய்த்துவிட்டு, யாரும் உட்காராத கொல்லையில் சும்மா நின்றது. சில நாளில் மூன்று வீடு தள்ளி, வேறு யாரோ கறி போட ஆரம்பித்ததாக வெண்டல் சேதி சொன்னான்.

தாய் ஊட்டி வளர்த்த மீதிக் குஞ்சு ஒரு காலையில் கூட்டின் விளிம்பில் நின்று, விழுந்தது போலப் பறந்து, சுப்பரோசாவில் முதல் குழலுக்குள் அலகை விட்டது. உடனே செம்பு நிறக் கழுத்துள்ள கிழட்டு ஆண் சிட்டு ஒன்று எங்கிருந்தோ கத்தி மாதிரி வந்து அதன் விலாவில் மோதியது. டெல்ஃபீனா கட்டுப் போட்ட கையால் துடைப்பத்தை எடுத்தாள்.

"வெலக்கி விடலையா?" என்றான் வெண்டல்.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"வேணாம். அது பாத்துக்கும்."

இரண்டும் அலகோடு அலகு கோர்த்துச் சுழன்று புதருக்கு அந்தப் பக்கம் மறைந்தன. வெண்டல் நிற்கும் இடத்திலிருந்துதான் தெரியும். அவள் பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை.

"யாருடா மேல?"

"சின்னது," என்றான் வெண்டல். "ஒரு எறகு போச்சு. ஆனா பூ அதுகிட்டதான் இருக்கு."