நாற்பது கிலோ

எங்கள் வார்டின் பேராசிரியைக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. மனநல மருத்துவர். சாப்பிட மறுக்கும் பெண்களுக்காகவே முப்பது வருடம் உழைத்தவர், ஊர் ஊராகப் போய் உரையாற்றியவர். ஆனால் காலையில் வார்டுக்குள் வந்துவிட்டால் எடையைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அவருக்குக் கீழே பதினெட்டு வருடம் நர்ஸாகக் குப்பை கொட்டினேன். திட்டு வாங்காத நாட்கள் குறைவு.

மாணவர்களுக்கு அவர் நடத்தும் முதல் பாடமே ஏமாறாமல் இருப்பதுதான். எடையைக் கூட்டிக் காட்ட, எடை பார்க்கும் முன்னால் சில பிள்ளைகள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நிற்பார்கள். சிறுநீர் நீர்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் எடையோடு சிறுநீரையும் சோதித்தாக வேண்டும். ஒருமுறை நான் சோதிக்க மறந்ததற்கு அத்தனை மாணவர்கள் முன்னாலும் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ஆறு மாதம் எங்களிடம் இருந்தாள். நாற்பது கிலோ வந்தால் வீட்டுக்கு அனுப்புவதாகப் பேராசிரியை வாக்குக் கொடுத்திருந்தார். அவருடைய புதிய சிகிச்சை முறைக்கான ஆய்விலும் அவள்தான் கடைசி ஆள். அரை அரை கிலோவாக ஏறி முப்பத்தெட்டில் நின்றவள், ஒரு திங்கட்கிழமை நாற்பதைத் தொட்டாள். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ. நான் சிறுநீர்க் குப்பியை எடுத்து நீட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை; பேராசிரியையைப் பார்த்தாள்.

“நீங்ககூட என்னை நம்பலையா டாக்டர்?” என்றாள்.

பேராசிரியை குப்பியை வைத்துவிடச் சொன்னார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. ஆய்வு முடிந்த சந்தோஷமா, பிள்ளை பிழைத்துவிட்ட சந்தோஷமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நானாவது அழுத்திச் சொல்லியிருக்கலாம். திட்டுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த திங்கள் மறுபரிசோதனை. எடை குறைந்திருந்தால் மறுபடி வார்டு என்று அவளுக்குத் தெரியும். வீட்டிலேயே குடம் குடமாகக் குடித்திருக்கிறாள். ரத்தத்தில் உப்பு இறங்கி, வலிப்பு வந்து, குளியலறையில் விழுந்துவிட்டாள். அம்மாதான் கொண்டுவந்து சேர்த்தார். இரண்டாம் நாள் போய்விட்டாள்.

அந்த அம்மா ஒரு வாரம் கழித்து வந்தார். கத்தவில்லை. பேராசிரியையின் அறையில் உட்கார்ந்து டிஸ்சார்ஜ் காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

“நாப்பது கிலோன்னு எழுதியிருக்கீங்க. மாடியிலேர்ந்து நான்தான் தூக்கிட்டு இறங்கினேன். கையில கனமே இல்ல. எனக்குத் தெரிஞ்சது, உங்களுக்கு எப்படி டாக்டர் தெரியாம போச்சு?”

ஏதாவது சமாதானம் சொல்வார் என்று நினைத்தேன். பேராசிரியை எழுந்து நின்றார்.

“தெரியாம இல்லம்மா. தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்துட்டேன்.”

அந்த அம்மா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பேராசிரியை வகுப்பெடுக்கவில்லை.