வாசலுக்கு வெளியே வைக்கும் நோட்டு

இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து நடந்த இடங்களைப் போய்ப் பார்த்து வரைந்து வருவது என் வேலை. சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் ரோட்டில் யாராவது அடிபட்டுச் செத்தால், போலீஸ் வந்து போன பிறகு என் ஸ்கூட்டர் போய் நிற்கும். தார் விளிம்பு எங்கே, கண்ணாடித் துண்டு எங்கே, ஒற்றைச் செருப்பு எங்கே என்று டேப் பிடித்து அளந்து நோட்டில் வரைவேன். கையில்தான் செல்போன் இருக்கிறதே, எதற்கு இந்த வேலை என்று கேட்காத ஆள் இல்லை. போட்டோவில் எல்லாம் விழும். எது எதற்கு எவ்வளவு தள்ளி என்பது மட்டும் விழாது. அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

அதனால் நோட்டு விஷயத்தில் நான் பொல்லாதவள். சேலத்தில் ஓவியச் சாமான் விற்கும் கடைக்காரர் என்னைக் கண்டாலே வேறு வாடிக்கையாளரைத் தேட ஆரம்பித்துவிடுவார். தாளைத் தடவிப் பார்ப்பேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், ஒரு மூலையில் எச்சில் தொட்டுவைத்து மறுபக்கம் ஊறுகிறதா என்று பார்ப்பேன். அவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். உச்சி வெயிலில் ரோட்டோரம் நின்று வரையப்போவது அவரா?

முதலில் கோடு போட்ட லாங் சைஸ் நோட்டில்தான் வரைந்தேன். ரோட்டுக் கோடும் நோட்டுக் கோடும் ஒன்றாகிக் குழப்பின. பிறகு ஸ்பைரல் வாங்கினேன். அந்தக் கம்பி துப்பட்டாவில் மாட்டும், இடப்பக்கத் தாளில் வரைந்தால் கையை இடிக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டை எடுத்து, இதில் தாளைக் கிழித்தால் அடையாளமே தெரியாதே, நடுவில் எத்தனை கிழித்தீர்கள் என்று கேட்டார். நான் எதையும் கிழிக்கவில்லை. இருந்தும் அதை நிரூபிக்க வழியில்லை. அன்றோடு ஸ்பைரலுக்கு ஒரு கும்பிடு.

ஆன்லைனில் கறுப்பு அட்டையும் ரப்பர் பட்டையுமாக ஒன்று வரவழைத்தேன். படத்தில் பார்க்க மந்திரி வீட்டு நோட்டு மாதிரி இருந்தது. சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் கிடந்து, முதுகுப் பசை உருகி, தாள் தனித்தனியாகக் கையோடு வந்தது. கடைசியில் எனக்குச் சரிப்பட்டது நூலால் தைத்த சின்ன ஸ்கெட்ச் புத்தகம். பள்ளிக்கூட நோட்டில் பாதி அளவு, கெட்டித் தாள், விரித்தால் மேசை மாதிரி படுத்துக்கொள்ளும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே ரோடாக வரையலாம். பேனா கிடையாது. ஜெல் பேனா வியர்வையில் ஓடும், பால்பாயிண்ட் சூட்டில் கக்கும். பென்சில் மட்டும்தான் மழைக்கும் வெயிலுக்கும் அசராது.

உறை விஷயம்தான் பெரிய கூத்து. இத்தனை பிணம் பார்க்கிற எனக்கும் அழகாக ஒன்று வைத்துக்கொள்ள ஆசை இருக்காதா? கண்காட்சியில் ஒரு தோல் உறை வாங்கினேன். உள்ளே பென்சில் செருகக் காது, சீட்டு வைக்க ஒரு பை, மூடினால் தானாகக் கவ்விக்கொள்ளும் காந்தப் பொத்தான். அந்தத் தோல் வாசனைக்காகவே சும்மா சும்மா திறந்து மூடுவேன்.

ஆனால் எங்கள் வீட்டில் அத்தை இருக்கிறார், என் மாமியார். வீட்டுக்காரருக்கு ரயில்வே வேலை, சூரமங்கலத்தில் வீடு, அத்தையும் எங்களோடுதான். சாவு நடந்த இடத்துக்குப் போய் வந்தால் வெளிக்குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்பது அவர் சட்டம். நான் குளித்துவிடுவேன். நோட்டு குளிக்குமா? "நீ குளிச்சுட்ட, சரி. அதும்மேல என்னென்ன ஒட்டிக்கிட்டு வருதோ," என்று சொல்லிவிட்டு, சொம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து உறை மேல் தெளிப்பார். ஒரு தடவை இரண்டு தடவை என்றால் பரவாயில்லை. இந்த ரோடுகளில் எனக்கு வாரம் தவறாமல் வேலை இருக்கிறது. தோல் ஊறியது, உப்பியது, பச்சைப் பூஞ்சை பிடித்தது, கடைசியில் காய்ந்த ஆரஞ்சுத் தோல் மாதிரி வெடித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் அத்தையோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளை ஒட்டி, சீட் தைக்கும் கடை ஒன்றுக்குப் போய், தண்ணீர் பட்டால் துடைத்துவிடுகிற மாதிரி ஒரு உறை வேண்டும் என்றேன். அவர் லாரி சீட்டுக்குப் போடும் அரக்கு ரெக்சினில் வெட்டி, ஓரத்தில் மஞ்சள் பைப்பிங் கொடுத்துத் தைத்தார். டிரைவர் தலைக்கு மேல் எழுதுவது போல இதிலும் ஏதாவது சாமி பேர் எழுதட்டுமா என்று கேலி செய்தார். இது எதற்கான நோட்டு என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. அவரிடம் சீட் மாற்ற வருகிற வண்டிகளில் சில எதனால் மாற்ற வருகின்றன என்று அவருக்குத் தெரியாதா? தைத்த தையல் மேலேயே இன்னொரு வரிசை ஓட்டிக் கையில் கொடுத்தார்.

அந்த அரக்கு உறை மஞ்சள் தண்ணீருக்கெல்லாம் மசியவில்லை. இருந்தும் வீட்டுக்குள் அதற்கு இடமில்லை. ஸ்கூட்டர் பெட்டிதான் அதன் வீடு. வீட்டுக்குள் எனக்கு வேறொரு நோட்டு உண்டு. அதில் நாள்குறிப்பு எழுதுவேன், முருங்கைக்காய், சூரமங்கலம் டவுன் பஸ்ஸில் தூங்கி வழிகிறவர்கள், அத்தையின் கால் என்று எதையாவது வரைவேன். இரண்டையும் ஒரே பையில் வைத்ததில்லை.

போன ஐப்பசியில் ஜலகண்டாபுரம் பக்கம் ஒரு பையன் செத்துப்போனான். தறியில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு விடியற்காலையில் பைக்கில் ஊருக்குத் திரும்பியவன். பின்னாலிருந்து ஒரு டெம்போ தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. விடிந்த பிறகு அந்த வழியாக வந்த பால் வண்டிக்காரர் பார்த்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறார். தூக்கும்போதே உயிர் இல்லை, சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீட்டு ஆட்கள் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். விழுந்த இடத்தை யாரும் பார்க்கவில்லை. டெம்போ அன்றைக்கே பிடிபட்டது. அதற்கு இன்சூரன்ஸ் போட்ட கம்பெனி என்னை அனுப்பியது.

நான் போனபோது பைக் கிடந்த இடத்தைச் சுற்றிப் போலீஸ் போட்ட சுண்ணாம்புக் கோடு இருந்தது. பக்கத்தில் கண்ணாடித் துண்டு, ஒற்றைச் செருப்பு, ரத்தம். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் தாருக்கு வெளியே மண் ஈரமாக இருந்தது. அந்த ஈர மண்ணில் முழங்கை ஊன்றிய பள்ளங்களும் ஒரு காலை இழுத்த கோடும் தெரிந்தன. நாலைந்து ஆள் நீளத்துக்கு அப்படியே போய், ரோட்டிலிருந்து மண் தடம், ஒரு வண்டிப் பாதை, பிரிகிற இடத்தில் நின்றன. ஆம்புலன்ஸ்காரர்களின் கால் தடம் அங்கேதான் குழம்பிக் கிடந்தது. அவனை அங்கிருந்துதான் தூக்கியிருக்கிறார்கள். அடிபட்ட பிறகு அவன் உயிரோடு இருந்திருக்கிறான், அவ்வளவு தூரம் ஊர்ந்திருக்கிறான். எத்தனை வண்டி அவனைத் தாண்டிப் போயிருக்கும்? எல்லாவற்றையும் அளந்து வரைந்தேன். போலீஸ் காகிதத்தில் சம்பவ இடத்திலேயே இறந்தார் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள்.

சில நாள் கழித்து அந்தப் பையனின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட அவர் தம்பி. ரோட்டோர டீக்கடையில் யாரோ, சிவப்புப் புத்தகத்தில் ஒரு பொம்பளை எல்லாவற்றையும் வரைந்துகொண்டு போனாள் என்று சொல்ல, தம்பி அலைந்து என்னைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த அம்மா கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். துக்கம் கழியாமல் இன்னொருத்தர் வீட்டுப் படி ஏறக் கூடாது என்றார். அத்தை நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கேட்டுக்கு வெளியே போட்டு, சொம்பில் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

தம்பிதான் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் வழக்கத்தில், ரோட்டில் அகாலமாகச் செத்தவனின் உயிர் போன இடத்திலேயே நின்றுவிடுமாம். அந்த இடத்தில் ஒரு கைப்பிடி மண் எடுத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் அவனும் வீட்டுக்கு வருவான். இவர்கள் போய்ச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் கிடந்த மண்ணைக் கூட்டி எடுத்திருக்கிறார்கள். அது பைக் கிடந்த இடம் என்று பிறகுதான் தெரிந்தது. மண் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அக்கா சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பையன் இன்னும் ரோட்டிலேயே நிற்கிறான் என்கிறாள் என்றார்.

நான் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் படம் பார்க்கத் தெரியும். பைக்கின் மேல் விரல் வைத்தார். செருப்பின் மேல் வைத்தார். அப்புறம் அங்கிருந்து கிளம்பும் அந்தக் கோட்டுக்கு விரல் போனது.

"இந்தக் கோடு என்னதுங்க?" என்றார்.

நான் நோட்டை மூடிவிட்டேன். சற்று முன் தம்பி சொன்னபடி, ஆஸ்பத்திரியில் அவரிடம், அடிபட்ட நிமிஷமே போய்விட்டான், வலியே தெரிந்திருக்காது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் அது. நாளைக்கு நேரில் வந்தே இடத்தைக் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் போன பிறகு அத்தை நாற்காலியை உள்ளே எடுத்துவைத்தார். அன்றைக்கு நோட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிக்கவில்லை.

மறுநாள் போகிற வழியெல்லாம் எனக்குள் ஒரே சண்டை. தார் மேல் ஏதாவது ஒரு இடத்தைக் காட்டிவிட்டால் தீர்ந்தது. அவன் வலியில்லாமல் போனான் என்று அவர் மீதிக் காலத்தை ஓட்டிவிடுவார். எனக்கு இந்த மண்ணிலும் பேர் சொல்லிக் கூப்பிடுவதிலும் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அவருக்கு இருக்கிறது. நான் தப்பான இடத்தைக் காட்டினால், அவர் கணக்கில் அவர் பிள்ளை மழையிலும் வெயிலிலும் அந்த ரோட்டிலேயே நிற்பான். அதை நான் செய்யலாமா? என்ன பிழைப்பு இது என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

தம்பி ஒரு ஆட்டோ பிடித்து அக்காவைக் கூட்டிவந்திருந்தார். சுண்ணாம்புக் கோடு மழையில் கரைந்துபோயிருந்தது. லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உசுரு எங்க போச்சுன்னு மட்டும் சொல்லுங்க சாமி. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

நான் மண் தடம் பிரியும் இடத்தைக் காட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். திரும்பி, பைக் கிடந்த இடத்தைப் பார்த்தார். தம்பி என்னை முறைத்தார். அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. அக்காவின் தோளைப் பிடிக்கப் போனார். அந்த அம்மா அவர் கையை விலக்கிவிட்டு, தாரிலிருந்து இறங்கி, அந்த நாலைந்து ஆள் நீளத்தையும் மெதுவாக நடந்தார். தடத்தின் வாயில் போய் உட்கார்ந்துகொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மண்ணைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ரோட்டு மேலயே கெடந்திருந்தா யாரு கண்ணுலயாச்சும் பட்டிருப்பான்," என்றார். "இவன் ஊட்டுக்கு வந்திருக்கான் சாமி."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. என் காகிதத்தில் இருந்த விலாசத்தை வைத்து, அவன் ரோட்டிலேயே நேராகப் போக வேண்டியவன் என்று நினைத்திருந்தேன். படத்தில் அந்த இடத்தில் மண் தடம் என்று மட்டும் எழுதியிருந்தேன். அது எங்கே போகிறது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

அவர் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் முடிச்சை இறுக்கிக்கொண்டே தம்பியைப் பார்த்தார். தம்பிதான் கூப்பிட்டார், இரண்டு தடவை. கூப்பிட்டுவிட்டு, ஆட்டோ நிற்கிறது, வா என்றார்.

"ஆட்டோ வேண்டாம். நான் தடத்துலயே நடந்துக்கறேன்," என்றார் அந்த அம்மா. "தெனமும் வெடியால இதுலதான வருவான். அன்னைக்கும் வாசல்ல தண்ணி தொளிச்சுப்போட்டு, இந்தத் தடத்தோட அந்த முனையிலதான் நின்னேன் சாமி. வந்துருவான் வந்துருவான்னு பாத்துட்டே நின்னேன்."