காவியாவுக்கு வந்த வாழ்த்துகள்

வாட்ஸ்அப்பை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தட்டித் தட்டி நானே கற்றுக்கொண்டேன். மாவட்டத்து ஆசிரியர்கள் பலரும் இருக்கிற குழுவில் என்னைச் சேர்த்தபோது அவ்வளவு சந்தோஷம். கம்பத்துப் பக்கம் ஈராசிரியர் பள்ளி என்னுடையது. ஒரு சந்தேகம் கேட்கக்கூட ஆள் கிடையாது. இனி இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நம்பினேன்.

1. கேட்டது

காவியா ஐந்தாம் வகுப்பு. எழுத்தெல்லாம் தெரியும், சேர்த்து வாசிக்க வராது. அடுத்த வருடம் வேறு ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டும். அவள் அக்கா இப்படித்தான் வாசிக்கத் தெரியாமல் போய், கேலி தாங்காமல் படிப்பை நிறுத்தி, அம்மாவோடு திராட்சைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். இவளும் அங்கே போய்விடக் கூடாது.

தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டுக் குழுவில் எழுதினேன்: ‘எழுத்து தெரிகிறது, வாசிக்க வரவில்லை. என்ன செய்யலாம்?’ கூடவே, புத்தகத்தோடு அவள் நிற்கிற படம்.

வந்து குவிந்தன பூங்கொத்துகள். ‘வாழ்த்துகள்.’ ‘பள்ளிக்குப் பெருமை சேர்த்த மாணவிக்குப் பாராட்டுகள்.’ நம் குழுக்களின் வழக்கம்தான் தெரியுமே. படம் வந்தால் வாழ்த்து, அதிகாரி பேசினால் கும்பிடு. ‘வாழ்த்து வேண்டாங்க, கேள்வி கேட்டிருக்கேன்’ என்று மறுபடி எழுதினேன். அதற்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

வாசித்தவர் ஒருவர் இருந்தார், குழுவை நடத்துகிற அலுவலர். போனில் வந்தார்.

“என்ன டீச்சர், வாசிக்கத் தெரியாத புள்ளைன்னு ஊரறியப் போட்டிருக்கீக? அழிச்சு விடுங்க.”

“பதில் வேணும்னுதான் சார் போட்டேன்.”

“நல்ல செய்தி மட்டும் போடுங்க.”

நான் அழிக்கவில்லை.

2. மிட்டாய்

அந்தப் படத்தை யாரோ வாழ்த்தோடு சேர்த்து ஊர்க் குழுவுக்கும் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காவியாவின் அம்மா முத்துப்பேச்சி வேலைக்குப் போகாமல் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து நின்றாள்.

“எம்மகளுக்குப் பரிசாமே டீச்சர்? தோட்டத்துல எல்லாரும் சொன்னாக.”

உள்ளதைச் சொன்னேன். பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

“பசிக்குதுன்னு சொன்னவளுக்குப் பன்னீர் தெளிச்சாகளாக்கும். அங்கன இருக்கவுக எல்லாம் வாத்தியாருகதானே டீச்சர்?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

3. திருப்பிக் கேட்டவர்

அன்று சாயங்காலம் தனியாக ஒரு செய்தி வந்தது. வருசநாட்டுப் பள்ளியிலிருந்து தவமணி சார். முன்பின் பார்த்தது இல்லை. ‘எந்த எழுத்துல நிக்கிறா டீச்சர்?’ ஒரே வரி.

எனக்கே தெரியவில்லை. மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். புள்ளி வைத்த எழுத்தில் நின்றாள். ‘பள்ளி’யை ‘ப, ள, ளி’ என்று தனித்தனியாகச் சொன்னாள்.

தவமணி சார் போனில் சொன்னார்: “புள்ளி எழுத்து தனியா நடக்காது டீச்சர். முன்னால போறவன் தோளப் பிடிச்சுத்தான் நடக்கும். புள்ளைகள ஆளுக்கொரு எழுத்தா நிக்க வச்சு வெளையாடச் சொல்லுங்க.”

விளையாடினோம். காவியாதான் புள்ளி எழுத்து. முன்னால் நின்ற பிள்ளையின் தோளைப் பிடித்து ‘பள்’ என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

பிறகு உத்தமபாளையத்து சபீனா டீச்சரும் எங்களோடு சேர்ந்தார். சிறிய குழு. பிள்ளைகள் படம் போடக் கூடாது, வாழ்த்து கூடாது, யோசனை சொல்வதற்கு முன் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

பள்ளி முடிகிற மாதத்தில் காவியா என் போனை வாங்கிப் பெரிய குழுவில் தன் படத்தைத் தேடினாள். விரல் வைத்து வாசித்தாள்: “வாழ்த்... துகள்.” மேலே தள்ளி, நான் எழுதியிருந்ததையும் விடாமல் வாசித்தாள்.

“இத இவுக வாசிக்கவே இல்லையா டீச்சர்?”

இளைய ஆசிரியர்களே, இணையத்தில் கூட்டத்தைத் தேடி அலையாதீர்கள். உங்கள் கேள்வியை வாசித்துத் திருப்பிக் கேட்கிற ஒருவர் கிடைத்தால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே நான் பெரிய குழுவிலிருந்து வெளியேறினேன். அதற்கும் யாரோ வாழ்த்துப் போட்டார்களாம்.