ஏழு உலை ஓட்டம்

என் வீட்டுக்காரருக்கு அறுபது வயது நெருங்கும்போது ஓட்டப் பைத்தியம் பிடித்தது. அதற்கு முன்னால் அவர் ஓடி நான் பார்த்தது இரண்டே தடவைதான். ஒன்று, எங்கள் கல்யாணத்தன்று பந்திக்கு. இன்னொன்று, அடுத்த வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தபோது. பந்திக்கு ஓடியதில்தான் வேகம் அதிகம்.

கடல் பொங்கி வந்ததே, அதற்கு அடுத்த ஐப்பசி அது. மழை இறங்கிவிட்டால் மரக்காணம் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்திகளெல்லாம் தண்ணீர் கட்டி ஏரி மாதிரிக் கிடக்கும். மழை ஓய்ந்த பிறகு தண்ணீரை இறைத்துவிட்டு, சேற்றைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினால்தான் மறுபடி உப்பு விளையும். அந்த மிதிக்கிற வேலையில் இவர் கெட்டிக்காரர். மேற்கு வரிசைப் பாத்திகள் முப்பது வருஷமாக இவர் கால் பட்டுத்தான் இறுகின. உப்பு வாருவதும் இவர்தான். வாரிய உப்பைக் கூடையில் சுமந்து கரையேற்றுகிற பெண்களில் நான் ஒருத்தி.

அந்த வருஷம் வேலை முடிகிற சமயத்தில் கரையில் வழுக்கி விழுந்து முட்டி பிசகிவிட்டது. ஒரு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மேஸ்திரியைப் பார்க்கப் போனோம். உப்பளத்துக்கு ஆள் எடுப்பதும் விடுவதும் அவர் கையில். இவரைவிட இருபது வயது சின்னவர். இவர் நடந்து வருவதை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"பெருசு, வர்ற சீசன்ல நீ காவலுக்குக் குந்திக்க. மிதிக்கிறதுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

காவல் என்றால் கொட்டகையில் உட்கார்ந்து உப்பு அம்பாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. உப்பை யார் திருடப் போகிறார்கள்? நாய் வந்தால் துரத்தலாம், அவ்வளவுதான். அன்றைக்குச் சாப்பாட்டில் வைத்த கருவாட்டை இவர் தொடவில்லை. கருவாட்டைத் தொடவில்லை என்றால் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் மகளை ஆரோவில் பக்கத்தில் கொடுத்திருக்கிறோம். அங்கே ஒரு தையல் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அந்த வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவள், மாசி மாதத்தில் அந்தப் பக்கத்துச் செம்மண் ரோட்டில் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம் நடக்கப் போகிறது, வெள்ளைக்காரர்கள் வேலை வெட்டி இல்லாமல் ஓடப் போகிறார்கள், மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் கழுத்தில் மெடல் மாட்டுவார்களாம் என்று சிரிப்புக்குச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இவர் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

நேராக டீக்கடைக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்த மேஸ்திரியிடம், அந்த ஓட்டத்தை முடித்துக் காட்டினால் எடுத்துக்கொள்வாயா என்று கேட்டிருக்கிறார். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்களாம். மேஸ்திரி டீயைத் துப்பிவிட்டு, மெடலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தால் மேற்கு வரிசை உனக்கு, இல்லையென்றால் கொட்டகை என்று சொல்லிவிட்டார்.

கார்த்திகை பிறந்ததும் ஆரம்பித்தார். விடியும் முன்னே எழுந்து, மகன் போட்டுக் கழித்த அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு கிளம்புவார். போகும்போது அவர் பின்பக்கத்தைப் பார்க்காமல் இருப்பதே எனக்குப் பெரிய பாடு. ஒரு மணி நேரம் கழித்துச் சட்டை முழுக்க நனைந்து, புசுபுசுவென்று மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். மனசு கேட்காமல் நானும் சுடச்சுடக் கஞ்சி, வறுத்த கருவாடு, கொஞ்சம் வேர்க்கடலை என்று வைத்தேன். பத்து நாளில் மனிதர் இளைப்பார் என்று பார்த்தால், அரைக்கால் சட்டையில் பட்டன் போட இடமில்லை.

ஒரு நாள் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். என்னவோ தோன்றியது. காலரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பளத்தில் பிழைத்தவளுக்கு உப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கள் கைபம்புத் தண்ணீரே கொஞ்சம் கரிக்கும். ஆனால் அந்தக் கரிப்பு வாய்க்குள் போனதும் ஓடிவிடும். வேர்வை உப்பு அப்படியில்லை, நாக்கின் நுனியிலேயே உட்கார்ந்துகொள்ளும். இது ஓடிப்போகிற உப்பு. பைப்படியில் நின்று சட்டையை நனைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என் புருஷன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அன்றோடு முடிந்துவிடும். மறுநாளும் கருவாடு வறுத்து வைத்தேன். அதற்கு மறுநாள் அவர் கிளம்பியதும், தூறலுக்குக் கோணிப்பையைத் தலையில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். மனிதர் தெருமுனை வரைக்கும் ஓடினார். அப்புறம் நடந்தார். அப்புறம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். நான் போய் அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கடைக்காரர் பாய் நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாய், ஓடிக் களைச்சி வந்துக்கிறாரு," என்றேன். "அவருக்கு ஒரு ஸ்ட்ராங் டீ குடுங்க. எனக்கும் ஒண்ணு. அவரைத் தொரத்திக்கினு வந்ததுல எனக்கும் களைப்பு."

டீ வந்தது. இவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அதற்குள் அவர் மெதுவாகச் சொன்னார்.

"மொதல் நாளு நெஜமாதான் ஓடினேன்மே. பாலத்து வரைக்கும்தான் போவ முடிஞ்சிது. அங்கயே குந்திட்டேன்."

"முட்டி வலியா?"

"முட்டி நல்லாதான் கீது. மூச்சுதான் இல்ல." டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "காவலுக்குக் குந்தினேன்னா அப்புறம் எழுந்திருக்க மாட்டேன்," என்றார்.

தயாராக வைத்திருந்த நாலு வார்த்தையையும் டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

அன்றைக்குத்தான் உலைக் கணக்கு ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. ஆனால் மகள் ஒரு தடவை தன் கடிகாரத்தைப் பார்த்து, உலையில் அரிசி போட்டுக் கஞ்சி வடிக்க எனக்குச் சரியாக அரை மணி ஆகிறது என்று சொல்லியிருந்தாள். அதனால் இவரிடம் சொன்னேன்: அரிசியைப் போடும்போது நீ வாசற்படியைத் தாண்டு, பாலத்தைத் தொட்டுவிட்டு நான் வடிப்பதற்குள் வந்து நின்றால் சூடான கஞ்சி உனக்கு, வராவிட்டால் அடுத்த வீட்டு மாட்டுக்கு. மூன்றரை மணி நேரம் என்றால் ஏழு உலை. ஓட்டத்தையும் அப்படியே எண்ணிக்கொள்ளலாம்.

முதல் மூன்று நாள் மாடு கொழுத்தது.

ஒவ்வொரு நாளும் நான் பானையைச் சாய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் தெருமுனையில் தெரிவார். வெறும் குண்டானைப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்காருவார். மூன்றாம் நாள் அந்த முகத்தைப் பார்த்தபோது, இவர் நாளைக்கு எழுந்திருக்க மாட்டார் என்று தோன்றிவிட்டது. அதனால் ஒரு சின்னத் திருட்டு செய்தேன். நாலாம் நாள் அவர் தலை மறைந்ததும் எரிகிற சவுக்கு விறகில் இரண்டை வெளியே இழுத்துவிட்டேன். உலை கொதிப்பதை விட்டுவிட்டு முனகிக்கொண்டு கிடந்தது. இவர் வந்து நின்றபோது அரிசி பாதிதான் வெந்திருந்தது.

"இன்னாமே, இன்னும் வடிக்கல?"

"நீ சீக்கிரம் வந்துட்ட," என்றேன்.

அப்போது அவர் சிரித்த சிரிப்பு எங்கள் கல்யாணப் பந்தியில்கூட வரவில்லை.

அப்புறம் திருட்டு பழகிவிட்டது. பாலம் சுலபமானதும் சவுக்குத் தோப்பு வரைக்கும் போகச் சொன்னேன். தோப்பு ஆனதும் அனுமந்தை ரோட்டில் மைல் கல். அவர் களைத்திருக்கிற நாளில் விறகை இழுப்பேன், ரொம்பப் பீற்றிக்கொள்கிற நாளில் ஊதுகுழலை எடுத்து ஊதுவேன். மார்கழியில் இரண்டு உலை, மூன்று உலை என்று ஏறியது. அத்தனை சோறு யார் தின்பது? ஒரு உலைக்குச் சோறு, அடுத்ததற்கு மாட்டுக்குக் கொள்ளு, அதற்கு அடுத்ததற்கு வெறும் சுடுதண்ணீர். பொங்கலுக்கு வந்த மகள் சோற்றைப் பிசைந்துவிட்டு, இது சோறா, போஸ்டர் ஒட்டுகிற பசையா என்று கேட்டாள். விறகை இழுத்து இழுத்து விட்டால் சோறு அப்படித்தான் குழையும். ஈர விறகு என்று சொல்லிவிட்டேன். இவர் மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தக் களியை வழித்து வழித்துத் தின்றார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் மழை அடித்த அடியில் தை முடிந்தும் உப்பளத்தில் தண்ணீர் வற்றவில்லை. மேஸ்திரி ஆள் எடுப்பது மாசிக்குத் தள்ளிப் போனது. ஓட்டமும் மாசியில். முந்தின நாளே மகள் வீட்டுக்குப் போய்விட்டோம்.

காலையில் பார்த்தால் செம்மண் ரோடு முழுக்கக் கலர் கலராக ஷூ. இவர் ஒருத்தர்தான் வெறுங்கால். ஒரே பாதையை இரண்டு சுற்று வரவேண்டும். கிளம்பும்போது என் பக்கம் திரும்பி ஏழு விரலைக் காட்டினார். அப்போதுதான் என் திருட்டு எனக்கு நினைவுக்கு வந்தது.

ஏழு உலைதான். ஆனால் எந்த உலை? இவர் உடம்புக்குப் பழகியிருப்பது நான் விறகை இழுத்த உலை. என் அடுப்பு சொன்ன பொய்யை நம்பி இவர் ஆடி அசைந்து வரப் போகிறார். அங்கே எல்லோர் கையிலும் கடிகாரம், அவை எதிலும் விறகு இல்லை, இழுக்க முடியாது.

முதல் சுற்று முடித்து வந்தபோது மகளின் கடிகாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஐந்து நிமிஷம் குறைவு. இவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவரோடு பேசிக்கொண்டு சாவகாசமாக வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு வேறெதுவும் தெரியாது. பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றுக்குக் கீழே புகுந்து அவர் கூடவே ஓடினேன்.

"யோவ், எத்தினி உலை ஆச்சு?"

"மூணுகூட ஆவல."

"நாலு ஆவுதுய்யா. நான் அடுப்ப ஏமாத்திட்டேன். வெறக இழுத்துட்டேன், தெனமும்."

"தெரியும்," என்றார்.

மார்கழியில் ஒரு நாள் மழைக்குப் பயந்து பாதியில் திரும்பி வந்தாராம். நான் விறகை இழுத்துத் தண்ணீர் தெளிப்பதைக் கொல்லைப் பக்கமாகப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பப் போய்விட்டாராம்.

"அப்புறம் இன்னா பண்ண?"

"நீ இழுக்கற நேரத்துக்கு நான் பாலத்துல குந்தி ஒரு பீடி புடிச்சிட்டு வந்தேன்."

அந்த வெள்ளைக்காரர் பக்கத்தில் இல்லாவிட்டால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். கொஞ்ச தூரம் இரண்டு பேரும் சேர்ந்தே ஓடினோம். நான் கூட்டிய நேரத்தை அவர் பீடியில் கழித்திருக்கிறார். அவர் கழித்தது தெரியாமல் நான் இன்னும் கூட்டியிருக்கிறேன். நிஜமான ஒரு உலைக்கு இவர் எவ்வளவு தூரம் ஓடுவார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது போல. முகம் மாறிவிட்டது. வெள்ளைக்காரரிடம் கையை மட்டும் காட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஓட ஆரம்பித்தார். அந்த முதுகு எனக்குத் தெரியும். மழை வரும் முன்னே பாத்தியை வாரி முடிக்கிற முதுகு.

நான் மூச்சு வாங்கி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் முடித்து வந்தபோது மூன்றரை மணி நேரம் தாண்டி ஐந்து நிமிஷம். கடைசியாக வந்தவர்களில் ஒருத்தர். அங்கே நின்ற பெண் சிரித்துக்கொண்டே மெடலை மாட்டிவிட்டாள். வந்தவர்களுக்கெல்லாம் மாட்டினார்கள், மீந்து போயிருக்கும். நேரத்துக்குள் வந்துவிட்டேனா என்று இவர் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன். அவள் பொய் பழகாதவள், என் வயிற்றில் பிறந்தும். ஐந்து நிமிஷம் என்று சொல்லிவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது இவர் மெடலைக் கழற்றி ஜேபியில் போட்டுக்கொண்டார். மறுநாள் மேஸ்திரி வீட்டு வாசல் வரைக்கும் அது ஜேபியில்தான் இருந்தது. நான்தான் எடுத்துக் கழுத்தில் மாட்டினேன்.

மேஸ்திரி வெளியே வந்தார். மெடலைப் பார்த்தார். கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம், எவ்வளவு நேரத்தில் முடித்தாய் என்று கேட்டார். இவர் உண்மையைச் சொல்வதற்கு வாயைத் திறந்தார். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அந்த வாய் எப்போது திறக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"ஏழு உலை," என்றேன்.

"உலையா? ஒரு உலைக்கு எவ்ளோ நேரம்?"

"அது வெறகப் பொறுத்துது மேஸ்திரி."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். கடைசியில் இவர் பாதத்தைப் பார்த்தார். இரண்டு பாதமும் வெடித்து, வெடிப்புக்குள் செம்மண் ஏறி, கழுவியும் போகாமல் இருந்தது.

"நாளிக்கிக் காலைல வந்துரு பெருசு. மேற்கு வரிசை. இந்தத் தகரத்தை வூட்லயே வெச்சிட்டு வா. உப்புத் தண்ணி பட்டா துரு புடிக்கும்."

அன்று மத்தியானம் நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, ஒரு விறகைக்கூட இழுக்காமல் சோறு வடித்தேன். மல்லிகைப்பூ மாதிரி உதிர்ந்தது. தட்டில் போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றி முன்னால் வைத்தேன். இவர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் மென்றார்.

"இன்னாமே சோறு இது," என்றார். "வேவவே இல்ல."